கல்லில் பெயர் கேட்ட எங்கள் அம்மா

நினைவு மலரின் முதல் வரியில் பிறந்த தேதி இருக்க வேண்டும். எங்கள் அம்மாவுக்கு அதை எழுதுவதே சிக்கலாக இருக்கிறது. அவருடைய பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி. மலேசியாவுக்கு வந்தபோது குடிநுழைவுத் தாள்களில் ஏறியது வேறொரு தேதி. அம்மா தாமே நம்பியது மூன்றாவது ஒன்று: சீனக் கணக்கில் நாய் ஆண்டின் கடைசி மாதம், அதிலும் கடைசி வாரம். அதைத் தமிழ்க் கணக்கோடு பொருத்திப் பார்த்தால் விய ஆண்டு தை மாதத் தொடக்கம் வருகிறது. ஆங்கிலத்தில் 1947 ஜனவரி. இந்த மலரின் அட்டையில் அதைத்தான் போட்டிருக்கிறோம். 'அடையாள அட்டையில் வேறு மாதிரி இருக்கிறதே' என்று கேட்கப்போகும் உறவினர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா பிறந்த ஊர் சென்னை. சீன முகத்தோடு புடவை கட்டிய ஒரு பெண்ணைப் பார்த்தால் இங்கே எல்லாரும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள்: தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்த சீனக் குழந்தை. அப்படி வளர்ந்த பல அக்காமார்களை நாம் கிள்ளானிலும் செந்தூலிலும் அறிவோம். அம்மா அவர்களில் ஒருவர் அல்லர். "என்னை யாரும் யாருக்கும் குடுக்கல. எங்கப்பா பல் டாக்டர். நானே மாப்பிள்ளைய பார்த்து, நானே சரின்னு சொல்லி, கப்பல் ஏறி வந்தேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்குச் சலித்துவிட்டது. பிற்காலத்தில் யாராவது அப்படிக் கேட்டால் வெறுமனே தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

தம் இறுதி நாட்களில் அம்மா எங்களிடம் ஒன்று கேட்டார். தம்மை எரிக்காமல் மண்ணில் வைக்க வேண்டும், அதன் மேல் பெயர் எழுதிய ஒரு கல் இருக்க வேண்டும். அது நடக்கவில்லை. அதை ஏன் கேட்டார், ஏன் நடக்கவில்லை என்பதை எழுதாமல் அம்மாவைப் பற்றி எழுதினால் அது பாதி வாழ்க்கையாகத்தான் இருக்கும். துக்கத்துக்கு வந்திருந்த பலரும் அரைகுறையாகக் கேள்விப்பட்ட செய்திதான் இது. முழுதாகவே தெரிந்துகொள்ளட்டும் என்பது எங்கள் மூவரின் முடிவு. மூவர் என்றால் கிள்ளானில் இருக்கும் அண்ணன், பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் நான், ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் எங்கள் தங்கை.

அம்மாவின் முன்னோர் சீனாவின் நடுப்பகுதியில் உள்ள ஹூபெய் மாகாணத்துக்காரர்கள். பல் கட்டும் தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து, பர்மா வழியாகக் கல்கத்தாவுக்கும் அங்கிருந்து சென்னைக்கும் வந்து சேர்ந்தார்கள். சென்னையில் சீனர்கள் மிகச் சிலரே. அவர்களிலும் ஹூபெய்க்காரர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் குடும்பங்கள். கோயில் கிடையாது, சங்கம் கிடையாது, சடங்கு சொல்லித்தர ஆள் கிடையாது. வீட்டில் யாருக்கு எது ஞாபகம் இருந்ததோ அதுவே முறை. அம்மாவைப் பெற்ற தாய் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். வீட்டுப் பண்டிகைகளை எல்லாம் பள்ளிக்கூட வயதிலிருந்தே அம்மாதான் செய்து வந்தார்.

1962-இல் எல்லையில் போர் மூண்டபோது அம்மாவுக்குப் பதினைந்து வயது. சென்னையிலேயே பிறந்து தமிழிலேயே கனவு கண்ட அந்தக் குடும்பம் அயல்நாட்டார் ஆனது. தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, ஊரை விட்டு வெளியே போகக் காவல் நிலையத்தில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. பல் பிடுங்கிக்கொண்டு நன்றி சொல்லிப் போனவர்களே வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவருடைய ஒரே தம்பி கனடாவுக்குப் போனார். அங்கே தேவாலயத்தில் சேர்ந்து, முன்னோருக்குப் படைப்பதை விட்டுவிட்டார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு படைக்க அம்மா ஒருவர்தான் மிஞ்சினார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் அப்பா கிள்ளானில் இருந்த தம் கடைக்குச் சரக்கு எடுக்கச் சென்னை சென்றார். போன இடத்தில் கடைவாய்ப் பல் வலித்தது. தாத்தாவின் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அம்மா உதவியாளர். வலி தீர்ந்த பிறகும் அப்பா அங்கே போய்க்கொண்டிருந்தார். கடைசியில் தாத்தாவே கேட்டாராம்: "தம்பி, இன்னும் எந்தப் பல்லைப் புடுங்கணும்?"

தாத்தா சம்மதித்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை தமிழராக இருந்தாலும் அவர் வாழும் ஊரில் சீனர்கள் நிறைய. "அங்க தெருவுக்குத் தெரு நம்ம ஆளுங்க. நீ தனியா நிக்க வேண்டாம். பண்டிகை வந்தா கூடச் செய்ய ஆள் இருக்கும்" என்று சொல்லித்தான் கப்பல் ஏற்றிவிட்டார். அம்மாவும் அதை நம்பித்தான் வந்தார்.

கிள்ளானில் நடந்தது வேறு. இங்குள்ள சீனர்கள் ஹொக்கியன் பேசினார்கள். அம்மாவுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. அம்மா பேசிய ஹூபெய் வட்டார மொழி அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. சந்தையில் மீன் விற்பவர் அம்மாவிடம் சீனத்தில் விலை சொல்லுவார், அம்மா விழிப்பார். பக்கத்தில் நிற்கும் தமிழ்ப் பெண் மலாயில் கேட்டுத் தமிழில் சொல்லுவார். "மொகம் சீனம், வாய் தமிழ் லா" என்று மீன்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுவாராம். சென்னையில் அம்மாவை எல்லாரும் சீனப் பெண் என்றார்கள். இங்கே சீனர்களுக்கு அவர் சீனர் இல்லை, தமிழர்களுக்கு அவர் யாரோ எடுத்து வளர்த்த பிள்ளை.

இந்த நிலையில் முதல் சிங் மிங் வந்தது. இங்கே அதைச் செங் பெங் என்பார்கள். கல்லறைகளைத் துப்புரவு செய்து படைக்கும் நாள். சூரியக் கணக்கில் வருவதால் ஆண்டுதோறும் சித்திரைப் பிறப்புக்குச் சுமார் பத்து நாள் முன்பு தவறாமல் வரும். கிள்ளான் சீனர்கள் குடும்பம் குடும்பமாகத் தங்கள் கல்லறைக் குன்றுகளுக்குப் போனார்கள். அம்மாவுக்கு இங்கே போக ஒரு கல்லறையும் இல்லை. அவருடைய தாயின் கல்லறை சென்னையில். அதற்கும் முந்தையவர்களுடையவை ஹூபெயில் எங்கோ.

கல்லறை எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்கென்று அவர்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. பொழுது சாயும் நேரத்தில் வழிகள் கூடும் இடத்தில் சுண்ணாம்பால் தரையில் ஒரு வட்டம் போட வேண்டும். வட்டத்தை மூடிவிடாமல் கல்லறை இருக்கும் திசையில் ஒரு வாசல் விட வேண்டும். உள்ளே சோறும் மீனும் வைத்து, மறைந்தவர்களுக்குப் பணமாகப் போய்ச் சேரும் என்று நம்பும் தாளை எரிக்க வேண்டும். சென்னையில் வாசல் வடகிழக்கே சீனாவைப் பார்த்து இருந்தது. கிள்ளானில் அம்மா அதை மேற்கே, கடலைப் பார்த்து, சென்னைக்காகத் திறந்து வைத்தார். பின் சந்து முச்சந்தியில் தனியாக உட்கார்ந்து செய்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குள் வந்துவிட்டார்.

காலையில் சந்தே திரண்டு நின்றது. முச்சந்தியில் வெள்ளை வட்டம், சாம்பல், சோற்றுப் பருக்கை, மீன் முள். நம்மவர்கள் இதற்கு என்ன பொருள் கொள்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். யாரோ ஒரு குடும்பத்துக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள். எந்தக் குடும்பத்துக்கு என்பதில்தான் தகராறு. வட்டத்தின் வாசல் தங்கள் வீட்டைப் பார்த்திருப்பதாக மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர் அலறிக்கொண்டிருந்தார். அப்பாவின் மூத்த சகோதரியான எங்கள் அத்தை, பூசாரியைக் கூட்டிவர ஆள் அனுப்பி, எலுமிச்சம்பழமும் வாங்கி வைத்துவிட்டார்.

கூச்சல் கேட்டு அம்மா வெளியே வந்தார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல அண்ணி. நான்தான் போட்டேன்."

"நீயா? யாருக்கு வச்ச?"

"எங்கம்மாவுக்குச் சோறு வச்சேன்."

"சோறு வைக்கிறவ எலைய போட்டு வைக்க வேண்டியதுதான? வட்டம் எதுக்கு?"

"வட்டம் போடலேன்னா வழியில போற வேற யாராச்சும் எடுத்துக்குவாங்க. எங்கம்மா பசியோட திரும்பிப் போவாங்க."

அத்தை தரையில் கிடந்த முள்ளைக் குனிந்து பார்த்தார். பிறகு, "அப்ப மீன் எதுக்கு? அமாவாசை அன்னிக்கு யாராச்சும் மீன் வைப்பாங்களா?" என்றார். அன்று அமாவாசையே இல்லை. மேற்கு வீட்டுக்காரர் மட்டும் பூசாரியை வரவழைத்து எலுமிச்சையை அறுத்த பிறகே அடங்கினார். மாலையில் அப்பா அம்மாவிடம் சொன்னது இதுதான்: "அடுத்த வருஷம் வெளிச்சம் இருக்கும்போதே செய். நான் கூட நிக்கிறேன்." அடுத்த ஆண்டிலிருந்து அப்பா தண்ணீர் வாளியோடு பக்கத்தில் நின்றார். நெருப்புக்காக என்று சொல்லிக்கொள்வார். சந்தில் போகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதுதான் அவருடைய முக்கிய வேலை.

எரிக்கும் தாள் வாங்க அம்மா கிள்ளானில் ஒரு சீனக் கடைக்குப் போவார். கடைக்கார ஆன்டி அம்மாவின் வயதுக்காரர், ஹொக்கியன். இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். நான் சிறுவனாகக் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன். அம்மா சொன்ன முறையைக் கேட்டு ஆன்டி சிரித்தார்.

"தப்பு லா நீ செய்றது. முச்சந்தியில வட்டமா? நாங்க யாரும் அப்படிச் செய்றதில்ல. இந்தியாவுல இருந்து எல்லாத்தையும் கொழப்பிட்டீங்க."

"நீ சீனா போயிருக்கியா?"

"நானா? நான் போர்ட் கிள்ளான் தாண்டினதில்ல."

"நானும் போனதில்ல. ரெண்டு பேரும் பாக்காத ஊரு. அதுல உன் மொறை சரி, என் மொறை தப்புன்னு யாரு வந்து சொல்றது?"

ஆன்டி தாளைக் கட்டிக் கொடுத்தார். அதன் பிறகு அம்மாவுக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே சீனத் தோழி அவர்தான். சடங்கு விஷயத்தில் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முந்தின இரவு விருந்துக்கு அம்மா அவர்கள் ஊர் வழக்கப்படி வறுத்த அரிசி மாவில் புரட்டிய காய்களையும் இறைச்சியையும் ஆவியில் அவிப்பார். பாத்திரம் இட்லிப் பானை. சென்னை வீட்டிலும் அதுதானாம். சில ஆண்டுகளில் பெருநாளும் தைப்பூசமும் அடுத்தடுத்து வந்துவிடும். அண்ணன் இளம் வயதிலிருந்து காவடி எடுப்பவர், விரதத்தில் கண்டிப்பானவர். அப்படிப்பட்ட ஆண்டுகளில் அம்மா வீட்டில் இறைச்சியே வாங்க மாட்டார். பூசணி, சேப்பங்கிழங்கு, தாமரைத்தண்டு மட்டும் அவிப்பார். "பெருநாளைக்கு மீன் இல்லாம எப்படிம்மா?" என்று தங்கை சிணுங்கினால், "உங்கண்ணன் இல்லாத மேசையில மீன் எதுக்கு?" என்பார். இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. பின்னால் வரும் தகராறைப் படிப்பவர்கள், அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இடையே ஏதோ பகை இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

தாத்தா காலமான செய்தி வந்தபோது அம்மாவால் போக முடியவில்லை. இந்தியா அவரைக் குடிமகளாக ஏற்கவில்லை, இங்கே அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குத் தருவது. போனால் திரும்பி வர விடுவார்களா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. எங்களுக்கு அப்போது சிறு வயது. அப்பா அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். தாள்கள் கைக்கு வந்தபோது காரியங்கள் எல்லாம் முடிந்திருந்தன. அந்த ஆண்டு சிங் மிங்கில் வட்டத்துக்குள் இரண்டு கிண்ணம் சோறு இருந்தது. பல ஆண்டுகள் கழித்து அம்மா சென்னை போனார். கல்லறைத் தோட்டத்தில் பெற்றவர்கள் இருவருடைய கல்லும் பெயர் உதிர்ந்து, எது யாருடையது என்று தெரியாமல் கிடந்ததாம். பராமரிக்க ஆளில்லை.  கல் பற்றிய எண்ணம் அவருக்கு அந்தப் பயணத்தில்தான் விழுந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

அப்பா காலமானபோது எங்கள் வழக்கப்படி எரித்து, அஸ்தியைக் கடலில் கரைத்தோம். அம்மா ஒரு மறுப்பும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று எல்லாம் செய்தார்.

கடைசி ஆண்டுகளில் அம்மாவின் சிறுநீரகம் செயலிழந்தது. அண்ணன் வீட்டில்தான் இருந்தார். இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை அழைத்துப் போய், முடியும்வரை அங்கேயே காத்திருந்து, கூட்டி வந்தவர் அண்ணன். கடையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு அவர் காத்திருந்த நாற்காலியை அங்குள்ள தாதியர்கள் 'அங்கிள் நாற்காலி' என்றே சொல்லுவார்கள். நானும் தங்கையும் விடுமுறைகளில் போய் வந்தவர்கள்தான்.

காலமாவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை நாங்கள் மூவரும் அங்கே இருந்தோம். அம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு சாதாரணமாகப் பேச்சைத் தொடங்கினார்.

"என்னை எரிக்காதீங்க. மண்ணுல வைங்க. மேல ஒரு கல்லு. எங்க குடும்பப் பேரு சீனத்துல, என் பேரு தமிழ்ல. சின்னக் கல்லு போதும்."

அண்ணன், "அப்பாவை எரிச்சோமே மா. நீங்க மட்டும் தனியாவா?" என்றார்.

"உங்கப்பா கடல்ல இருக்காரு. கடலைப் பாத்து இத்தனை வருஷம் கொளுத்திட்டேன்டா. எனக்கும் நீங்க அப்படி ரோட்டுல ஒக்காந்து கொளுத்த வேண்டாம். வந்து நிக்கிறதுக்கு ஒரு எடம் இருந்தா போதும்."

அண்ணன் மாத்திரை எடுத்து வர எழுந்து போனார். அம்மா மறுபடி கேட்கவில்லை.

அம்மா சென்ற ஆண்டு ஆவணி வளர்பிறை தசமியன்று காலமானார். சீனக் கணக்கில் எட்டாம் மாதம் பதினோராம் நாள். அன்று காலை உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, சமையலறையில் எங்களுக்குள் நடந்த பேச்சு இது. கூடத்தில் இருந்தவர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மறைக்க ஒன்றும் இல்லை.

"அம்மா வாயால கேட்டாங்கண்ணே. நம்ம மூணு பேரும்தான் இருந்தோம்" என்றாள் தங்கை.

"எங்க வைப்ப? சீனர் மயானத்துல கேட்டாச்சு. எந்த சங்கம், எந்த ஊருன்னு கேக்குறான். ஹூபெய்னு சொன்னா, எங்க ஆளு இல்லன்னுட்டான்."

"நம்ம மயானத்துலயே வைக்கலாமே. எத்தனை தமிழாளுங்க பொதைக்கிறாங்க."

"நம்ம குடும்பத்துல பொதைக்கிறதில்ல."

"அம்மா கேட்டது குடும்பத்தை இல்லண்ணே, உங்களை."

அண்ணன் குவளையைக் கழுவும் தொட்டியில் வைத்தார். "மூத்த புள்ளைன்னு பொறந்தவனுக்கு ஒரே ஒரு வேலைதான் பாப்பா. கொள்ளி போடறது. நம்ம வீட்டுல அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் மூத்தவன்தான். அதுக்காகத்தான் அவன் மூத்தவன். அதையும் வேண்டாம்னு சொன்னா நான் அவங்களுக்கு யாரு? சும்மா கார் ஓட்டினவனா?"

தங்கை கூடத்துக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.   அம்மா கேட்டதும் நியாயம், அண்ணன் கேட்டதும் நியாயம். ஓர் உடலுக்கு இரண்டு நியாயத்தையும் செய்ய வழியில்லை.

அண்ணன் கொள்ளி வைத்தார். அஸ்தியைப் படகில் எடுத்துப் போய்க் கடலில் கரைத்தோம். கருமாதி குறைவில்லாமல் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் அண்ணனைப் பாராட்டினார்கள், அது அவருக்குத் தகும். தங்கை கருமாதிச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அதன் பிறகு அவள் கிள்ளான் வீட்டுக்குப் போகவும் இல்லை.

இந்த ஆண்டு சிங் மிங் வந்தபோது தங்கை தாள் வாங்கக் கடைக்கார ஆன்டியிடம் போனாள். அம்மாவுக்கு எங்கே எரிப்பது என்று கேட்டாள். நடந்ததை எல்லாம் ஆன்டி அறிவார். ஆன்டி சொன்னது: உடல் கிடைக்காதவர்களுக்குச் சீன வழக்கத்தில் ஒரு வழி உண்டு. போரில் போனவர்கள், கடலில் போனவர்கள், அயல்நாட்டில் மறைந்தவர்கள், இவர்களுக்கெல்லாம் அவர்கள் உடுத்திய உடையை ஒரு பானையில் வைத்துப் புதைத்து, மேலே கல் நடுவார்கள். அதுவும் கல்லறைதான். எல்லாக் கல்லறைக்கும் உள்ள மரியாதை அதற்கும் உண்டு. "ஆனா புதுத் துணி ஆகாது. ஆள் உடுத்தி, வேர்வை பட்டிருக்கணும். அப்பத்தான் அது அவங்களோடது" என்றார். எத்தனையோ ஆண்டுகள் அம்மாவின் முறையைத் தப்பு என்று சொன்னவர், இந்த முறை மட்டும் "உங்கம்மாவே ஒத்துக்குவா" என்றாராம்.

ஸ்ரீ கெம்பாங்கானில் தங்கையின் அண்டை வீட்டுக்காரர் மூலமாக, அங்குள்ள ஒரு பழைய மயானத்தின் ஓரத்தில் பானை வைக்கும் அளவு இடம் தர ஒப்புக்கொண்டார்கள். எந்த ஊர், எந்தச் சங்கம் என்று அவர்கள் கேட்கவில்லை. கல்லும் செதுக்கியாகிவிட்டது. மேலே அம்மாவின் குடும்பப் பெயர் சீன எழுத்தில். அம்மாவுக்கு எழுதத் தெரிந்த சில எழுத்துகளில் அதுவும் ஒன்று, எங்கள் மூவருக்கும் சிறுவயதில் கையைப் பிடித்து எழுதக் கற்றுத் தந்ததும் அதுதான். அதன் கீழே மூன்று ஊர்கள்: ஹூபெய், சென்னை, கிள்ளான். அதன் கீழே தமிழில் அம்மாவின் பெயர். கல் இப்போது கல்வெட்டுக்காரரின் பட்டறையில் இருக்கிறது.

வைப்பதற்கு உடைதான் இல்லை. அம்மா உடுத்தியவை அத்தனையும் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. நான் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"கரைச்சு விட்டாச்சு. அவங்க போற வழியில போயிட்டாங்க. போனவங்களைக் கூப்பிட்டு மறுபடியும் மண்ணுல கட்டிப் போடணுமா? அவங்க ஆத்மா எங்கடா நிக்கும்?"

"அம்மா நம்பினது அப்படி இல்லண்ணே."

"நான் நம்பறது அப்படித்தான். நான் நம்பித்தானே கொள்ளி வச்சேன்? அது பொய்யா?"

அலமாரியைச் சாத்தி வைத்திருக்கிறார். அம்மாவின் துணிகளை யாருக்கும் தானமாகவும் கொடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

முதலாண்டு நினைவு நாளையும் நாங்கள் ஒரே நாளில் செய்ய முடியாமல் போயிற்று. ஆவணி வளர்பிறை தசமி, இந்த மலர் உங்கள் கைக்கு வரும் இன்று. சீனக் கணக்கில் இவ்வாண்டு ஆறாம் மாதம் இரு முறை வந்ததால், எட்டாம் மாதம் பதினோராம் நாள் ஒரு மாதம் தள்ளிப் போய்விட்டது. இரண்டு கணக்கும் நிலவைப் பார்த்துப் போடுபவைதான். ஆனாலும் அம்மாவுக்கு இந்த ஆண்டு இரண்டு நினைவு நாட்கள். ஒன்றை அண்ணன் கிள்ளானில் செய்கிறார். மற்றதன் காலையில் தங்கையும் நானும் ஸ்ரீ கெம்பாங்கானில் கல் நடுவதாக இருக்கிறோம். வர விரும்பும் உறவினர்கள் தங்கையிடம் கேட்டுக்கொள்ளலாம். ஒன்றுக்கு வந்தவர் மற்றதற்கு வரக் கூடாது என்று எங்கள் மூவரில் யாரும் நினைக்கவில்லை.

அம்மாவின் நோய்க்காலத்தில் தலைவாரி, உணவூட்டி, ஒருநாளும் முகம் சுளிக்காத எங்கள் அண்ணிக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. சிகிச்சை நிலையத்துத் தாதியர்கள், இறுதிச் சடங்கை முன்னின்று நடத்திய அப்பாவழி உறவினர்கள், பந்தலும் பாத்திரமும் தந்த சந்துக்காரர்கள், கனடாவிலிருந்து அன்றாடம் தொலைபேசியில் அழைத்த மாமா, இடம் தேடித் தந்த ஸ்ரீ கெம்பாங்கான் அண்டை வீட்டார், இன்றும் அம்மாவைத் திருத்திக்கொண்டே இருக்கும் கடைக்கார ஆன்டி, அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனுக்கு நன்றி சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவர் செய்தது பிள்ளையின் கடமை. அவரிடம் ஒன்றைக் கேட்கத்தான் உரிமை இருக்கிறது. அம்மா உடுத்திய புடவை ஒன்று. எது என்பதை நீங்களே பார்த்து எடுங்கள் அண்ணே. நீங்கள் செய்த எதையும் அது அழிக்காது.

அச்சுக்குப் போகும் முன் இந்தக் கட்டுரையை அண்ணனிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே முழுதும் படித்தார். மேலே உள்ள பத்தியை அடிக்கவில்லை. அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவும் இல்லை. ஓர் இடத்தில் மட்டும் விரலை வைத்தார். அலமாரியைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று நான் எழுதியிருந்தேன்.

"பூட்டல. சாத்தித்தான் இருக்கு. மாத்து" என்றார்.

மாற்றிவிட்டேன்.